கீமோ முடிந்த அம்மாவுக்கு மூச்சும் மெதுவான அசைவும் நரம்பை "ரீசெட்" செய்யுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும். அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, பிறகு கீமோ (முதலில் அந்தச் சிவப்பு மருந்து, அப்புறம் பக்ளிடாக்செல்), அதன் பிறகு ரேடியேஷன், எல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதம் மரத்துக் கிடக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, இரண்டு பாத்திரம் கழுவினால் சோர்ந்து படுத்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் அசையாமல் ஓய்வெடு என்கிறார்கள். யூட்யூபில் ஒருவர் மெதுவான அசைவும் மூச்சும் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயம், குடல் வரை ஓடும் நரம்பு) ரீசெட் செய்யும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, எத்தனை மாதத்தில் சரியாகும்? இதுதானே கேள்வி.

புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பதுதான் என் வேலை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அம்மா தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ரீசெட் என்று எதுவும் கிடையாது. அம்மாவின் நரம்பு மண்டலத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, அந்த வீடியோ இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. காலில் ஓடும் நரம்பு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது, இது ஒன்று. இதயத் துடிப்பு, வியர்வை, தூக்கம் எல்லாவற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்தும் தானியங்கி நரம்பு மண்டலம் எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்காமல் நிற்கிறது, இது இன்னொன்று. ஒன்றுக்கான பயிற்சி மற்றொன்றைச் சரிசெய்யாது. மூச்சுப் பயிற்சியை வருடம் முழுக்கச் செய்தாலும் கால் தடுமாற்றம் அதனால் குறையாது.

முதலில் கால். பக்ளிடாக்செல் புற்றுச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் கலைய விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அதனால் அந்தச் செல்லால் இரண்டாகப் பிரிய முடிவதில்லை, சாகிறது. சங்கடம் என்னவென்றால் அதே நுண்குழாய்கள்தான் நரம்பு இழைக்குள்ளும் சரக்கு போகும் பாதை. கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் நரம்புச் செல்லில் தயாராகும் புரதமெல்லாம் கால் விரல் நுனி வரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம், அந்தப் பாதையில்தான் போயாக வேண்டும். மூளைக்கு இருக்கும் இரத்தத் தடுப்பு அந்தச் செல்களுக்கு அவ்வளவு பலமாக இல்லாததால் மருந்து சுலபமாக உள்ளே போய்விடுகிறது. பாதை கெட்டால் கடைசியில் இருக்கும் நுனிக்குத்தான் முதலில் பாதிப்பு. அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி பாதம், கணுக்கால் என்று மேலே ஏறுகிறது, பிறகு கைவிரல்களிலும் தெரிகிறது. ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்டெசோமிப் போன்ற வேறு புற்றுநோய் மருந்துகள் போட்டவர்களுக்கும் வேறு வேறு வழியில் இதே கதைதான். ஆக்சாலிபிளாட்டின் போட்டவர்கள் ஃபிரிட்ஜில் கை வைத்தாலே ஷாக் அடிப்பது போலத் துள்ளுவார்கள்.

இது அபூர்வமான விஷயமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு கணக்கு, நரம்பைப் பாதிக்கும் கீமோ எடுத்தவர்களில் சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 100க்கு 68 பேருக்கும், மூன்றாவது மாதத்தில் 60 பேருக்கும், ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன பிறகு 30 பேருக்கும் இது இருப்பதாகச் சொல்கிறது. கீமோவுக்குப் பிறகு ரேடியேஷனும் நடந்ததால் அம்மா இந்த வரிசையின் பிற்பகுதியில் இருக்கிறார்.

மரத்துப்போவதால் வரும் பெரிய ஆபத்து விழுவது. வலியை எல்லாரும் கேட்பார்கள், தடுமாற்றத்தை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்ல மாட்டார்கள். அம்மாவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நடக்கும்போது செருப்பு கழன்று போனது தெரியாமல் நடக்கிறாரா? முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறாரா? ராத்திரி இருட்டில் பாத்ரூம் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டு போகிறாரா? நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலிருந்து வரும் தகவல் ஆகிய மூன்றும் வேண்டும். பாதத்தின் தகவல் குறைந்ததும் உடம்பு கண்ணை அதிகமாக நம்ப ஆரம்பிக்கிறது. அதனால்தான் பகலில் ஒன்றும் தெரியாது, விளக்கை அணைத்தால் தள்ளாட்டம் வரும்.

இங்கேதான் அசைவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஜெர்மனியில் ஆக்சாலிபிளாட்டின் அல்லது வின்கா வகை (வின்கிரிஸ்டின் போன்ற) மருந்து போட ஆரம்பித்த 158 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2024இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. ஒரு குழுவுக்குக் கீமோ நடக்கும்போதே வாரம் இரண்டு முறை சமநிலைப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு அதிரும் மேடையில் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நரம்புப் பாதிப்பு வந்தவர்கள் சமநிலைப் பயிற்சிக் குழுவில் 30 சதவீதம், அதிர்வு மேடைக் குழுவில் 41 சதவீதம், ஒன்றும் செய்யாத குழுவில் சுமார் 70 சதவீதம். சின்ன ஆய்வுதான், மருந்தும் வேறு, அதுவும் வராமல் தடுக்கச் செய்தது, வந்த பிறகு குணமாக்க இல்லை. அம்மாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீமோ நரம்புப் பாதிப்பைத் தடுக்க இதுதான் வழி என்று பரிந்துரைக்கும் அளவுக்கு ஒரு மருந்துகூட இன்னும் தேறவில்லை. அந்த நிலையில் ஒற்றைக் காலில் நிற்பது இவ்வளவு செய்கிறது என்றால் நான் அதை விட மாட்டேன்.

வீட்டில் எப்படிச் செய்வது? சமையல் மேடைதான் சரியான இடம், ஏனென்றால் பிடித்துக்கொள்ள உறுதியாக இருக்கிறது, அம்மாவுக்கும் பழகிய இடம். தரை காய்ந்திருக்கிறதா, கீழே ஊசி, கண்ணாடித் துண்டு எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டு வெறுங்காலில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கை விரல் நுனியும் மேடையில். பாதங்களைச் சேர்த்து வைத்து 20 நொடி, பிறகு கொஞ்சம் ஓய்வு, மறுபடி. அது சுலபமானால் ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. அதுவும் சுலபமானால் ஒற்றைக் கால். அதற்கப்புறம்தான் நாலாக மடித்த ஜமுக்காளத்தின் மேல் நிற்பது, கடைசியாகக் கண்ணை மூடுவது, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். லேசாக ஆட்டம் வர வேண்டும், ஆட்டமே வராத நிலையில் நின்றுகொண்டிருந்தால் நரம்புக்கு வேலையே இல்லை. நிற்கும்போது கவனம் பாதத்தில் இருக்கட்டும்: எடை குதிகாலில் இருக்கிறதா, பெருவிரல் பக்கம் சாய்கிறதா, வலமா இடமா. தொடு உணர்வு மங்கியிருந்தாலும் அழுத்தம் பல பேருக்குக் கொஞ்சமாவது தெரியும், மீதி இருக்கும் அந்தத் தகவலை மூளை படிக்கப் பழகுவதுதான் பயிற்சி. மனசு எங்கோ இருக்க டிவி பார்த்துக்கொண்டே நிற்பதைவிட இப்படிச் செய்வது மேல் என்பது என் அனுபவம்.

கைவிரலுக்கும் இதே கொள்கைதான். ஒரு கிண்ணம் அரிசிக்குள் நாலைந்து கொண்டைக்கடலை, ஒரு பட்டன், ஒரு ரூபாய் நாணயம் போட்டுக் கண்ணை மூடித் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பூ கட்டத் தெரிந்தவர் என்றால் பூ கட்டட்டும், முதலில் முடிச்சு நழுவும், பரவாயில்லை. கோலம் போட ஆசைப்பட்டால் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தட்டிலோ பலகையிலோ சின்னதாகப் போடட்டும், குனிந்து வாசலில் போடுவது பிறகு.

ஒரு முக்கியமான விஷயம், மரத்த காலை வெந்நீரில் வைக்கவே வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தினமும் ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடியை நீங்களோ, கண்ணாடி வைத்து அவரோ பார்த்துவிட வேண்டும். அப்புறம் மருந்துக் கடையில் "நரம்புக்கு நல்லது" என்று கொடுக்கும் மாத்திரை. வைட்டமின் பி6 அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிடைல் எல் கார்னிடைன் என்று ஒன்று இருக்கிறது, நரம்புச் சத்து மாத்திரைகளில் சேர்த்து விற்பார்கள், மார்பகப் புற்றுநோய்க்கு அம்மா எடுத்த வகை கீமோ எடுத்த 409 பெண்களிடம் அதைச் சோதித்தபோது 24 வாரத்தில் நரம்புப் பாதிப்பு அதிகமாகத்தான் ஆனது, 2013இல் வெளிவந்த ஆய்வு. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எரிச்சலும் வலியும் தாங்க முடியவில்லை என்றால் துலாக்ஸெட்டின் என்ற மாத்திரைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அம்மா டாமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது டாமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்க வாய்ப்பு உண்டு, எனவே புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இனி படபடப்பும் தூக்கமும்.

இதை நரம்பு, பதற்றம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சிவப்பு மருந்து, அதாவது டாக்ஸோரூபிசின், இதயத் தசையை பலவீனமாக்கக்கூடியது. சில வகை மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசி போட்டிருந்தால் அதுவும் அப்படியே. எக்கோ, ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, இந்த நாலும் சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இரத்தம் குறைவாக இருப்பவருக்குப் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்துப் படபடப்பு நிற்கவில்லையே என்று கவலைப்படுவது வீண் வேலை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், மீதி இதுதான். சிகிச்சை முடிந்த நிறையப் பேருக்கு ஓய்வில் இருக்கும்போதே இதயத் துடிப்பு கூடுதலாக இருக்கும், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் குறைந்திருக்கும். மருந்துகள், மாதக்கணக்கில் படுத்தே இருந்தது, திடீரென்று வந்த மாதவிடாய் நிறுத்தம், கீமோவோடு கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, உடம்பில் இன்னும் அடங்காத அழற்சி, பயம், எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. திருடன் போய்விட்டான், நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயை அதட்டி அடக்க முடியாது, அம்மாவிடம் "பயப்படாதே, டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதும் அதனால்தான் பலிப்பதில்லை.

வேகஸ் நரம்பைப் பற்றி வீடியோவில் சொன்னதில் உண்மை எவ்வளவு என்றால், அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகிறவை. எனவே உடம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பலாம் என்பது சரிதான். மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும், இது எல்லாருக்கும் நடப்பது, நாடியைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது, இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் அனிச்சையும் கூர்மையாகிறது. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இவ்வளவுதான் டெக்னிக். மூச்சை அடக்க வேண்டாம். கபாலபாதி, பஸ்த்ரிகா போன்ற வேகமான மூச்சுகள் இப்போதைக்கு வேண்டாம், அவை எச்சரிக்கை நிலையை ஏற்றிவிடும், நமக்கு வேண்டியது நேர் எதிர். பிரமரி (வண்டு போல ரீங்காரமிடும் மூச்சு) செய்யலாம், முணுமுணுக்கும்போது வெளிமூச்சு தானாக நீளும். சுலோகமோ பாட்டோ மெல்லப் பாடினாலும் ஏறக்குறைய அதே பலன், அம்மாவுக்கு எது பழக்கமோ அது.

பத்து நிமிடம் இப்படிச் செய்தால் அந்த நேரத்துக்கு உடம்பு எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்கும். மறுநாள் காலையில் மறுபடி ஏறியிருக்கும். வாரக்கணக்கில் செய்யும்போதுதான் உடம்பின் வழக்கமான நிலை மெதுவாக மாறுகிறது, அதற்கும் மூச்சு மட்டும் போதாது, உடற்பயிற்சியும் சேர வேண்டும். இதனால்தான் ரீசெட் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் செய்து பார்த்து, ரீசெட் ஆகவில்லை, என் உடம்புக்கு இதுவும் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

வீடியோக்கள் சொல்லாத இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "கண்ணை மூடி உடம்பைக் கவனியுங்கள்" என்று சொன்னால் சாதாரணமாக ஒருவருக்கு அமைதி வரும். புற்றுநோய் வந்தவருக்கு அந்த உடம்புதான் சொல்லாமல் கொள்ளாமல் ஏமாற்றியது, கவனம் மார்புத் தழும்புக்குப் போனதும் அழுகை வரும், இல்லை அங்கே ஒரு குத்தல் தெரியும், திரும்ப வந்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சவாசனமும் அப்படித்தான், மல்லாக்கப் படுத்து, அசையாமல், மேலே பார்த்துக்கொண்டு, அது அப்படியே ரேடியேஷன் மேசை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு முகத்தை வலைபோட்டு மேசையோடு இறுக்கி ரேடியேஷன் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாலே அவர்களுக்கு மூச்சு முட்டும். இது பலவீனம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட பாடம். எனவே அம்மா ஆரம்பத்தில் கண்ணைத் திறந்துகொண்டே செய்யட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ. கவனத்தை மார்புக்குக் கொண்டு போகாமல் உள்ளங்கை, பாதம், ஃபேன் சத்தம், வெளியே போகும் வண்டிச் சத்தம் என்று ஓரங்களில் வைத்துத் தொடங்கலாம். சிலருக்கு அசையாமல் இருப்பதே கஷ்டம், அவர்களுக்கு நடை போதும், மெதுவாக, மூச்சோடு காலடியைச் சேர்த்து.

ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தூக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு சிகிச்சை முடிந்தும் தூக்கம் கெட்டிருந்த 410 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வந்தது, நாலு வாரம், வாரம் இரண்டு முறை, 75 நிமிட மென்மையான யோகா. தூக்கத்தின் தரம் உயர்ந்தது, தூக்க மாத்திரை எடுப்பதும் குறைந்தது. அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் இர்வின் குழு தூக்கமின்மை இருந்த 90 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களில் பாதிப் பேருக்குத் தாய் சி (மெதுவான சீன அசைவுப் பயிற்சி), மீதிப் பேருக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டது. 15 மாதம் கழித்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் தாய் சியில் 46.7 சதவீதம், அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் 43.7 சதவீதம், கிட்டத்தட்டச் சமம், 2017. சோர்வுக்கும் அழற்சிக்கும் ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் 200 பெண்களை வைத்துச் செய்த 2014 ஆய்வைச் சொல்வேன், 12 வாரம் ஹத யோகா, பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துச் சோர்வு குறைந்திருந்தது, இரத்தத்தில் அழற்சிக் குறிகளும் குறைந்திருந்தன. பெங்களூரு எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து ரேடியேஷன் நடக்கும்போதே யோகா கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் ஸ்ட்ரெட்சிங் செய்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு பகல் போகப் போகக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்க வேண்டிய விதத்தில் நன்றாக இறங்கியது.

இவை எதுவும் யோகா புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லவில்லை. உடற்பயிற்சியால் ஆயுளே கூடுகிறது என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு 2025இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்தது, சேலஞ்ச் என்று அதற்குப் பெயர். கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோய் நோயாளிகள், மூன்று வருடம் ஆள் வைத்து ஊக்கப்படுத்திய உடற்பயிற்சித் திட்டம், எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம், புத்தகம் மட்டும் கொடுத்த குழுவில் 83.2 சதவீதம். பெருங்குடல், மார்பகம் இல்லை. அதோடு அவர்கள் செய்தது பெரும்பாலும் வேகநடை போல மூச்சு வாங்கும் பயிற்சி. எனவே மெதுவான அசைவை அம்மாவுக்கு வாசற்படியாக வையுங்கள், அதோடு நின்றுவிட வேண்டாம். சர்வதேச நிபுணர் குழு 2019இல் சொன்ன அளவு வாரம் மூன்று முறை 30 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் பயிற்சி, இரண்டு முறை தசை வலுப் பயிற்சி. அம்மா அங்கே போய்ச் சேரச் சில மாதம் ஆகலாம்.

தசை வலுப் பயிற்சி என்றதும் "அறுவை செய்த பக்கக் கையால் ஒரு குடம்கூடத் தூக்காதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பழைய அறிவுரை. கைவீக்கம் ஏற்கெனவே வந்த 141 பெண்களுக்கே மெதுவாக ஏற்றிக்கொண்டு போன எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 2009, வீக்கம் கூடவில்லை, திடீரென்று வீக்கம் மோசமாவதும் குறைந்தது. அரைக் கிலோவில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றி, கையைக் கவனித்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவே. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு இழுப்பது போல இருந்தால் பயப்பட வேண்டாம், அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு வருவதுதான், நீட்டல் பயிற்சியில் விட்டுப்போகும், ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். மேல்கையின் உள்பக்கம் மரத்திருப்பது கீமோவால் இல்லை, அறுவையின்போது அங்கே குறுக்கே ஓடும் ஒரு நரம்பு பட்டிருக்கும்.

சொந்தக்காரர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் புற்றுநோய்ச் சோர்வு படுத்தால் போகிற சோர்வு இல்லை, படுக்கப் படுக்கத் தசை கரைகிறது, தசை கரையக் கரைய எழுந்து நிற்பதே வேலையாகிறது. அதே சமயம் நல்ல நாள் ஒன்று வந்தால் வீட்டையே துடைத்துக் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பதும் ஆகாது. முடிகிறது என்று தோன்றும் அளவில் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சோர்வாக எழுந்தால் நேற்றுச் செய்தது அதிகம், கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். நடை காலையில் வெயில் படும்படி, சமநிலைப் பயிற்சி சமையல் மேடையில் எப்போது வேண்டுமானாலும், மெதுவான மூச்சு ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து. படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்ற வாய்ப்பு உண்டு.

வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் ஆசிரியரிடம் முதலில் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: எந்தப் பக்கம் அறுவை, கால் மரத்திருப்பது, எலும்பு நிலை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறையும், அதை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்க்காமல் ஆழமாக முன்குனியும் ஆசனங்கள், முதுகை முறுக்கும் ஆசனங்கள் கூடாது. எலும்புக்குப் பரவியிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை, அவர்கள் இந்தப் பதிலை வைத்துத் தொடங்கவே கூடாது, நேரில் பார்த்துத்தான். இதைக் கேட்டுவிட்டு "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, மருந்தை மெல்ல நிறுத்திவிடலாம்" என்று சொல்லும் ஆசிரியர் என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

எந்தப் பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும், புதிதாக முதுகு வலி வந்து ராத்திரியில் அதிகமானால், இரண்டு காலும் வலுவிழந்தால், சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ போக முடியாமலோ ஆனால் அன்றே ஆஸ்பத்திரி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு கணுக்காலும் வீங்குவது, மயக்கம், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது, கையில் சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடிப்பது, இவையும் அப்படியே.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். தூக்கமும் படபடப்பும் ஒழுங்காகச் செய்தால் ஒன்று இரண்டு மாதத்தில் திசை தெரியும். சோர்வுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். நடையில் தைரியம் ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும், இது பாதம் மரமரப்பு குறைவதற்கு முன்பே வந்துவிடும், ஏனென்றால் அது மூளை பழகுவதால் வருவது. மரமரப்புதான் மெதுவான ஆள். பக்ளிடாக்செலுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு மாதங்களில் குறைகிறது, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கிறது, சிலருக்கு விரல் நுனியில் கொஞ்சம் தங்கியே விடுகிறது. மரமரப்பின் எல்லை மேலே இருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறதா என்று மாதம் ஒருமுறை அம்மாவையே பாதத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டச் சொல்லி போனில் படம் எடுத்து வையுங்கள், தினம் தினம் பார்த்தால் மாற்றம் தெரியாது. கீமோ முடிந்து இத்தனை மாதம் கழித்தும் மரமரப்பு மேலே ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது கீமோ மட்டுமாக இருக்காது, சர்க்கரை, பி12, தைராய்டு பார்த்துவிட்டு டாக்டரிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.